பழைய சர்வரில் ஒரு வரி கூடுதல்

நான் சாமி கும்பிடுகிறவன், வருடா வருடம் மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போகிறவன். ஆனால் செத்தவர்கள் வருவார்கள் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மைசூரில் ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் ஏசியும் பேட்டரியும் பார்ப்பது என் வேலை. என் மனைவி சரசு அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தாள். ஒன்பது வருடம் ஒரே வண்டியில் வந்தோம். வாசலில் வருகை பதியும் மெஷினில் அவள் முதலில் கார்டு வைப்பாள், பின்னால் நான். சாயங்காலமும் கார்டு வைக்காமல் அவள் வெளியே போனதில்லை, அரை நாள் லீவாகிவிடும் என்று பயம். ஆடி மாதம் நெஞ்சு வலி என்று ஆட்டோவில் ஏற்றினேன், இறங்கிப் போய்க் கார்டு வைத்துவிட்டுத்தான் வந்தாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. காரியம் முடிந்த மறுநாளே வந்து பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

தசரா முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சர்வருக்குப் பதிலாக இரண்டு புதிய சர்வர்களில் எதை வைப்பது என்று பார்க்க திவ்யா மேடம் வந்திருந்தார். எல்லாருடைய வருகைப் பதிவையும் முந்தின வாரமே நகலெடுத்து மூன்றிலும் ஒரே மாதிரி ஏற்றியிருந்தார். ஒரே கேள்வியை மூன்றிடமும் கேட்டு, எது எத்தனை நொடியில் பதில் சொல்கிறது என்று எழுதிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் மெஷினின் ஞாபகத்தைத் துடைத்துவிட்டுத்தான் கேட்பார்.

"துடைக்கலேன்னா, முன்னாடி கேட்ட ஞாபகத்துலயே பதில் சொல்லிடும்ணா. அது கள்ள ஆட்டம்."

"அதுக்காச்சும் துடைக்க முடியுதுங்களே மேடம்."

அவர் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். பழைய சர்வரின் கதவைக் காட்டி, "இந்தப் பொட்டு யாருணா வெச்சது?" என்றார்.

"என் சம்சாரமுங்க, போன வருச ஆயுத பூசைக்கு. இந்த வருசம் எங்களுக்குப் பண்டிகை இல்லீங்களே."

இன்னும் இரண்டு கேள்விகளை ஓட்டி நொடிகளை எழுதிக்கொண்டார். பிறகு, "ஏதாச்சும் ஒரு கார்டு நம்பர் சொல்லுங்கணா, தேடிப் பார்க்கலாம்" என்றார்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது சரசுவின் நம்பர்தான். அவளுக்கு எழுத வராது, லீவுச் சீட்டெல்லாம் நான்தான் எழுதுவேன். யோசிக்காமல் அதைச் சொல்லிவிட்டேன்.

புதியவை இரண்டும் இரண்டு நொடியில் சொல்லின. பழசு எப்போதும் ஏழெட்டு நொடி முனகும். அன்றைக்கு அவர் பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரு வரி கூடுதலாக.

"இதென்னணா இது. அந்த ரெண்டுலயும் கடைசி வரி ஆடி மாசம். இதுல இன்னிக்குத் தேதி காட்டுது, காலைல எட்டு பத்து."

வாசல் மெஷினுக்கும் அந்தச் சர்வருக்கும் இடையிலான ஒயரை முந்தின வாரமே நான்தான் கழற்றினேன். அன்று நான் கார்டு வைத்தது எட்டு பதினொன்றுக்கு.

மேடம் அப்போதுதான் பெயரைப் படித்தார். ரொம்ப மெதுவாகச் சொன்னார், "அண்ணா, மூணுலயும் வரி ஒத்து வரலேன்னா டெஸ்ட் செல்லாது. இதைத் துடைச்சிட்டு மறுபடி ஏத்தணும். நீங்க பேடா, வேணாம்னா விட்டுடறேன், நான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

அவள் இருக்கட்டுமா, போகட்டுமா என்று என்னைக் கேட்கிறார். மனதுக்குள் தேடிப் பார்த்தேன். ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது.

"உங்க வேலையப் பாருங்க மேடம்" என்றேன்.

துடைத்தார், மறுபடி ஏற்றினார். மூன்றும் ஒத்து வந்தன. பழசு எட்டு நொடி எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பொட்டோடு. நஞ்சன்கூடு கோயிலில் அவளுக்காக ஒரு விளக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

துடைப்பதற்கு முன்னால் அந்த வரியை நான் கண்ணால் பார்த்தேன். உள்ளே வந்த நேரம் இருந்தது. வெளியே போன நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

இன்றைக்கும் சாயங்காலம் கார்டு வைத்த பிறகு, கொஞ்ச நேரம் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.