நாலாவது டக்

கதை கட்டும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. வீட்டில் சின்னப் பொய் சொன்னாலே மனைவி பிடித்துவிடுவாள். ஒரே ஒரு பொய்யை மட்டும் பதினொரு வருடம் கட்டிக் காப்பாற்றினேன். அதற்கு வந்த வினைதான் இது.

நான் பைலட். வானத்தில் பறக்கிறவன் இல்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பலில் ஏறி, அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து கட்டுகிறவன். முன்னூறு மீட்டர் கப்பல் நம் இஷ்டத்துக்குத் திரும்பாது. டக் என்கிற இழுவைப் படகுகள் கயிறு கட்டி இழுக்க வேண்டும். நான் வாக்கி-டாக்கியில் சொல்வேன், அவர்கள் இழுப்பார்கள்.

பதினொரு வருடம் முன்பு எங்கள் துறைமுகத்தில் நான்கு டக்குகள். நாலாவதை ஓட்டியவர் என் தங்கையின் கணவர். மச்சான் என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். பேசுவதற்கு முன் வாக்கி-டாக்கியை நகத்தால் இரண்டு முறை தட்டுவார். டிக்... டிக். அந்தப் பழக்கம் வேறு யாருக்கும் இல்லை.

ஒரு காற்றடித்த சாயங்காலம் அவருடைய டக் கவிழ்ந்தது. இழுக்கச் சொன்னது நான். "காத்து அதிகம் மச்சான், சாயுது" என்றார். நான் அதற்கு ஒரு பதில் சொன்னேன். அப்புறம் அவர் பேசவே இல்லை. கயிற்றருகே நின்ற இருவர் நீந்திப் பிழைத்தார்கள். அந்த வாக்கி-டாக்கி அலைவரிசையில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். விசாரணையில், "அவர் என்னை எச்சரிக்கவே இல்லை" என்று சொன்னேன். தவறு அவருடையது என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். தங்கை இன்றும் கேட்பாள், "அவர் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல, அண்ணா?" நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன்.

மூழ்கிய டக்குக்குப் பதில் வேறு வாங்கவில்லை. மூன்றை வைத்தே ஓட்டினோம்.

இந்த வருடம் புதுத் திட்டம் வந்தது. எரிவாயுவைக் கடுங்குளிரில் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவருவார்கள். அதை மறுபடி வாயுவாக்கிக் குழாயில் கரைக்கு அனுப்ப, பெரிய கப்பல் ஒன்றையே துறைமுகத்துக்குள் நிரந்தரமாகக் கட்டிவைப்பார்கள். மிதக்கும் முனையம் என்று பெயர். அதன் பக்கவாட்டில் எரிவாயுக் கப்பலை அணைத்துக் கட்ட மூன்று டக் போதுமா? போதும் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். இடித்தால் என்ன ஆகும் என்று யாரும் சத்தமாகப் பேசவில்லை.

"மூணுலயே முடிச்சுக் குடுங்க" என்றார் திட்ட அதிகாரி. யானை வாங்குகிறவர் அங்குசத்துக்குப் பேரம் பேசினார்.

செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 3:10. அலுவலக இரண்டாம் மாடியில், நிஜக் கப்பல் இல்லாமல் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் அறை. கப்பலின் மேல்தட்டு அறை மாதிரியே சுக்கான், கருவிகள், சுற்றிலும் ஏழு திரைகள். கறுப்புத் திரைச்சீலை. வெளியே சுள்ளென்று வெயில், உள்ளே நாங்களே போட்டுக்கொண்ட இரவு. பக்கத்து அறையில் ஒரு பொறியாளர் பெண். நான் வாக்கி-டாக்கியில் சொல்வதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, கணினியில் டக்குகளை நகர்த்துவார்.

"ரெடியா சார்? காத்து வேகம் இருபத்தஞ்சு நாட் வச்சிருக்கேன்."

"போடும்மா."

3:22. ஒன்றும் இரண்டும் முன்னால் இழுத்தன. மூன்று பக்கவாட்டில் தள்ளியது. நன்றாகத்தான் போனது. டீசல் வாசனை வந்தது... கீழே ஜெனரேட்டர் ஓடுகிறது போல என்று விட்டுவிட்டேன்.

3:29. கப்பலின் பின்பக்கம் முனையத்தை நோக்கி நகர ஆரம்பித்தது. தொண்ணூறு மீட்டர். எண்பது. எழுபது. கைவசம் இருந்த மூன்றும் முழு பலத்தில் இருந்தன.

3:31. நாலு டக் இருந்த காலத்துப் பழக்கம். யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

"நாலு, பின்னால இழு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாலு என்று ஒன்று இல்லை. பொறியாளர் பெண் சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

டிக்... டிக்.

"நாலு... இழுக்குறேன்."

கப்பலின் பின்பக்கம் நின்றது. இல்லாத டக் இழுத்து, நாற்பது மீட்டரில் நின்றது.

திரும்பினேன். பின்திரையில் ஒரு சின்ன விளக்கு. டக்கின் கம்பத்து விளக்கு. நேராக இருந்தது.

பிறகு மெல்ல... சாய்ந்தது.

டிக்... டிக்.

"காத்து அதிகம் மச்சான். சாயுது."

அடுத்து என் முறை. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை சொன்னதுதானே.

விளக்கு இன்னும் சாய்ந்தது.

"நிறுத்து..." குரல் எனக்கே கேட்கவில்லை. "நிறுத்து மச்சான்! கயித்த விட்டுரு!"

விளக்கு நிமிர்ந்தது.

டிக்... டிக்.

அணைந்தது.

3:33. கப்பல் முனையத்தில் மோதியது. ஏழு திரைகளும் சிவந்தன.

பொறியாளர் பெண் ஓடிவந்து விளக்கைப் போட்டார். என் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"யார் கூட சார் பேசுனீங்க? பதிவுல அந்த இடத்துல உங்க குரல் மட்டும்தான் இருக்கு."

"பழைய ஞாபகம்."

"அது சரி சார்..." அவர் திரையைப் பார்த்தார். "நான் மூணு டக்தான் போட்டேன். நடுவுல பின்பக்கம் எப்படி நின்னுச்சு?"

மூன்று போதாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டேன். 5:40க்குக் கதவைத் தட்டினேன்.

திறந்துதான் இருந்தது. சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். மேசைமேல் ஒரு பழைய வாக்கி-டாக்கி. மச்சான் வீட்டில் வைத்திருந்த இன்னொன்று. இத்தனை வருடம் அலமாரியில் கிடந்தது.

"மூணு முப்பத்தொண்ணுக்கு இது பேசுச்சு" என்றாள்.

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"முதல்ல ரெண்டு தட்டு. அவர் தட்டு எனக்குத் தெரியாதா? அப்புறம், காத்து அதிகம், சாயுதுன்னார்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் நீ பேசின."

"நிறுத்துன்னு சொன்னேன்மா. நிறுத்துன்னுதான்..."

"இல்ல அண்ணா. 'எனக்குத் தெரியும், இழு'ன்ன."

அன்று பிற்பகல் சிமுலேட்டரில் அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லை. என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன். பதினொரு வருடத்துக்கு முன்னால். அதைக் கேட்டவர் ஒருவர்தான்.