சிவப்பு காட்டும் தாழ்ப்பாள்

கழிவறைக் கதவில் சிவப்பு, பச்சை காட்டும் தாழ்ப்பாளை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. உள்ளே ஆள் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. அதன் நடுவில் சிறிய கீறல் ஒன்று இருக்கும். யாராவது உள்ளே மயங்கி விழுந்தால், வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருகித் திறந்துவிடலாம். நல்ல மனசோடு வைத்த கீறல்தான்.

என் சித்தி சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் தைக்கிறாள். வரிசையில் முதல் மெஷின் அவளுடையது. எங்கள் வீட்டில் முதன்முதலாக நான் பட்டம் வாங்கியதில் அம்மாவுக்கு எவ்வளவு பங்கோ, அவளுக்கும் அவ்வளவு.

அந்தத் தாழ்ப்பாள் வந்ததும் சூப்பர்வைசர் தன் நாற்காலியைப் பெண்கள் கழிவறைக்கு எதிரே திருப்பிப் போட்டுக்கொண்டான். 'போட்டுக்கொண்டார்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சிவப்பு கொஞ்சம் நீடித்தால் போதும், எழுந்து போய்க் கதவைத் தட்டுவான். பெண்கள் அவனுக்கு வைத்த பெயர் சிக்னல்.

ஒருநாள் சித்திக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. சிக்னல் தட்டினான்.

"இதோ வரேன் சார்."

அவன் காசை எடுத்துத் திருகிவிட்டான். அவள் துணியை இழுத்து மூடிக்கொள்வதற்குள் கதவு விரியத் திறந்தது. அவள் கத்திவிட்டாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"உயிரோட இருக்கியான்னு பாத்தேன்" என்று சிரித்தானாம்.

அன்று சித்தி அழவில்லை. நான்தான் அழுதேன். புகார் எழுதித் தருகிறேன் என்றேன்.

"போடி. புகார்ப் பெட்டி சாவியே அவன் இடுப்புலதான் தொங்குது. அவன் கையாலயே அவனைக் கவுக்கறேன், பாரு."

காத்திருந்தாள். சட்டைகளை மொத்தமாக வாங்கும் நிறுவனத்திலிருந்து வேலையைப் பார்வையிட ஒரு அம்மா வந்தார். முதலாளி சிக்னலைக் கூப்பிட்டுத் துணி வெட்டும் மேசையருகே எதையோ விளக்கிக்கொண்டிருந்த நேரம், அந்த அம்மா கழிவறை எங்கே என்று கேட்டார். சித்தியே எழுந்து கூட்டிப்போய்க் காட்டினாள். திரும்பி வந்து தன் இடத்தில் உட்காரவில்லை. துணிக்கட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

சிக்னல் வந்தான். கதவில் சிவப்பு. முதல் மெஷினில் ஆள் இல்லை.

"என்னம்மா மகாராணி, இன்னிக்கும் குடித்தனமா உள்ள?"

கடைசி மெஷின்காரி பதறி எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். சிக்னல் காசை எடுத்தான்.

அந்த அம்மா போட்ட சத்தத்தில் அத்தனை மெஷினும் நின்றுபோனதாம். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டும் அவர் அடங்கவில்லை. மாலைக்குள் சிக்னலை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, தச்சர் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு உள்பக்கம் சாதாரணக் கொக்கி ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார்.

"சிக்னல் அணைஞ்சிடுச்சுடி!" என்று யாரோ கத்த, அவன் காதில் விழும்படி எல்லாரும் சிரித்தார்களாம். அன்றிரவு சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொல்லும்போது சித்தி தட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அந்த அம்மா என்ன பாவம் பண்ணாங்க சித்தி?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம்?"

"நான் மட்டும் என்னடி பண்ணேன்? நான் கத்தினப்போ மெஷின் நின்னுச்சா?"

ஆனாலும் கேட்டேன்.

"வெளிய வரும்போது அவங்க முகம் எப்படி இருந்துச்சு?"

சித்தி கையிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் முகம் அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அப்படித்தான்" என்றாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள். "இன்னும் கொஞ்சம் போடு. இன்னிக்குத்தான் பசிக்குது."