ஈர வேட்டி

மணிமுத்தாறு அணைக்குக் கீழே கோமுவின் தெருவில் நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டுதான் போகும். வாசலில் ஒன்று வந்து படுத்தால் போதும், வாளித் தண்ணீரோடு வந்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள்தான் தொண்ணூற்று மூன்றில் ஆட்டுக்கார மாடக்கண்ணுவிடம் போய் நின்று ஒரு நாய்க்குட்டியைக் கேட்டு வாங்கிவந்தாள். வந்த கையோடு தலைக்குக் குளித்தாள் என்பது வேறு விஷயம். என்ன செய்வாள், பாவம்? சர்க்கரை வியாதி அவள் வீட்டுக்காரர் குற்றாலலிங்கத்தின் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது.

அவர் அணையில் ஓவர்சியராக இருந்தவர். கண் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். முன்பெல்லாம் மாதக் கடைசிச் சனிக்கிழமை மலையடிக் காட்டுக்குள் தனியாக நடந்துபோய், குலதெய்வம் சாஸ்தாவுக்கு விளக்குப் போட்டு வருவார். அது நின்றுபோனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. யார் கையையாவது பிடித்துக்கொண்டு போகச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது. மனுஷன் இப்படியே உட்கார்ந்து போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று கோமு பயந்தாள். அதனால்தான் நாய்.

அவர் அதற்கு வைரவன் என்று பேர் வைத்தார். சாமி பேரை நாய்க்கு வைப்பதா என்று கோமு அந்தப் பேரை வாயில் எடுக்கவே இல்லை.

"ஏளா, வைரவருக்கு வாகனமே நாய்தானே" என்று சீண்டுவார்.

"அது கல்லு. தெனமும் அபிஷேகம் ஆகுது. இது குளிக்கா?" என்பாள்.

ஆனால் பழக்கியது முழுக்க அவள்தான். கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு கால்வாய்க் கரையில் அதோடு நடந்தாள். தெருவே சிரித்தது, சிரிக்கட்டுமே. காட்டில் கயிறு முள்ளில் மாட்டும் என்பதால் கயிறில்லாமலே பழக்கினாள். இடது கெண்டைக்காலை உரசிக்கொண்டே வரவேண்டும். பள்ளமோ வேரோ குறுக்கிட்டால் முன்னால் நின்று முழங்காலைத் தள்ளவேண்டும். தயிர்ச்சோற்று ஆசையில் அந்தக் குட்டி அத்தனையும் படித்துக்கொண்டது.

கூடவே இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தாள். புறவாசல் கிணற்றில் குளித்து ஈர வேட்டியோடு பூஜைக்குப் போகிறவரை நாய் தொடக்கூடாது. தொட்டால் மூக்கில் வேப்பங்குச்சியால் ஒரு போடு. அவளுடைய ஈரச் சேலைக்கும் அதே சட்டம்தான். சீக்கிரமே ஈரத் துணியைக் கண்டால் தானாகவே நாலு முழம் தள்ளிப்போய் உட்கார ஆரம்பித்தது. மனுஷருக்கே இவ்வளவு ஆசாரம் கிடையாது என்று கோமு போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள். பெருமையாம் பெருமை!

அடுத்த தையிலிருந்து அவர் மறுபடி காட்டுக்குப் போனார். புரட்டாசி வரை ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். கோமு அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஐப்பசியில் வானம் கறுத்துக் கிடந்த ஒரு சனிக்கிழமை, போகவேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். வைரவன் இருக்கானே என்று கிளம்பிவிட்டார். மத்தியானம் மலையில் இறங்கிய மழை விடவே இல்லை. பொழுது சாய்ந்தும் ஆளைக் காணாமல், மாடக்கண்ணுவை அழைத்துக்கொண்டு கோமு காட்டுக்குள் ஓடினாள்.

பாதைக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் கிடந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை. நாலு முழம் தள்ளி, மழையில் நடுங்கிக்கொண்டு வைரவன் உட்கார்ந்திருந்தது. விட்டுவிட்டு ஓடவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

மாடக்கண்ணு கல்லை எடுத்தான். "மனுஷன் விழுந்து கெடக்காரு. வேடிக்கை பாத்துட்டு இருக்கு பாருங்கம்மா."

"கல்லைக் கீழ போடும் வே" என்றார் குற்றாலலிங்கம். மழை பிடிக்கிறவரை காலோடு ஒட்டித்தான் வந்ததாம். வேட்டி நனைந்ததும் விலகிவிட்டதாம். கூப்பிடக் கூப்பிடத் தள்ளி நின்று குரைத்ததே தவிர வரவில்லையாம். அந்தச் சத்தத்தைப் பிடித்துக் கையை நீட்டி நடந்தபோதுதான் கால் தவறியது என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

நாய் என்ன தப்புச் செய்தது? கோமு சொல்லிக்கொடுத்தபடிதானே செய்தது!

"வைரவா" என்று முதல் தடவையாகக் கூப்பிட்டாள். "இங்கன வாய்யா."

அது வாலை ஆட்டியது. சொட்டச் சொட்ட நனைந்திருந்த அவள் சேலையைப் பார்த்தது. அவள் ஒரு எட்டு முன்னால் வைக்க, அது ஒரு எட்டு பின்னால் போய், மூக்கை முன்னங்காலுக்கடியில் ஒளித்துக்கொண்டது.

இடுப்பு எலும்பு கூடி, கம்பை ஊன்றி வீட்டுக்குள் நடக்கிற அளவுக்கு அவர் தேறிவிட்டார். கோமுவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நனைந்த வேட்டியை வைரவன் தொடட்டும், அப்புறம் காட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

இப்போதெல்லாம் கோமு கிணற்றில் குளித்ததும் பூஜைக்குப் போவதில்லை. விளக்கு காத்துக் கிடக்கிறது. ஈரச் சேலையோடு புறவாசலில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தயிர்ச்சோற்றை வைத்து நீட்டுகிறாள்.

"வந்தானா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"நாலு முழத்துலதான் இருக்கான்" என்பாள். கையை மட்டும் மடக்கமாட்டாள்.