அரை டம்ளர் அரிசி

போன வாரம் எனக்கு ரசம் வைக்கத் தெரிந்துவிட்டது. ரிட்டயர் ஆன வயதில்! கைதட்டுவீர்கள்தானே? கொஞ்சம் பொறுங்கள்.

கற்றுக்கொடுத்தது என் மனைவி தனம். கல்யாணமானதிலிருந்து என்னை அடுப்பங்கரைப் பக்கமே அண்டவிடாதவள். காபி டம்ளரைக் கழுவப் போனால்கூட, "நீங்க கழுவுனதை நான் மறுக்கா கழுவணும், நகருங்க" என்று விரட்டுவாள்.

இருமல் விடவில்லை என்று ராஜபாளையத்தில் டாக்டரம்மாவைப் பார்த்தோம். ஸ்கேனில், தனத்தின் நுரையீரலில் சின்னதாக ஒரு கட்டி... பட்டாணி அளவுகூட இல்லை. பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, சிலது மட்டும் கேன்சராக இருக்கலாம் என்றார். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்ப்பதா, பொறுத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுப்பதா? முடிவு செய்ய ஒரு ரத்தப் பரிசோதனை உதவுமாம். ரத்தம் வெளியூர் லேபுக்குப் போகும்.

நம்மூரில் ரத்தம் கொடுப்பது என்றால் சுகருக்குத்தானே? தனம் முந்தின ராத்திரியிலிருந்தே பட்டினி. லேப் பெண் சிரித்துவிட்டாள். "இதுக்குச் சாப்பிட்டே வந்திருக்கலாமே அக்கா!"

தனம் சிரிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

சாயங்காலம் அடுப்பங்கரையிலிருந்து குரல். "என்னங்க, செத்த இங்க வாங்க."

புளி எம்புட்டு, உப்பு எம்புட்டு, மிளகு எந்த டப்பாவில்... எல்லாம் சொன்னாள். மறுநாள் சோறு. "அரை டம்ளர் அரிசி எடுங்க. ஒங்களுக்கு அம்புட்டு போதும்."

எனக்குப் போதும், சரி. வீட்டில் இருப்பது இரண்டு பேராயிற்றே?

கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம். அரிசியைக் களைந்தேன்.

அந்த 'நகருங்க'வுக்கு எப்படி ஏங்கினேன் தெரியுமா? ஒரு தடவையாவது விரட்டட்டும் என்று, வேண்டுமென்றே அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். அவள் துணி எடுத்துத் துடைத்துவிட்டு, "பரவாயில்ல, போகப்போகப் பழகிரும்" என்றாள். இவளா என் தனம்?

முந்தாநாள் ரிசல்ட் வந்தது.

"எம்புட்டு இருக்கு, டாக்டர்? நார்மல் எம்புட்டு?" என்று பறந்தேன்.

"இது சுகர் மாதிரி இல்ல சார். ரத்தம், ஸ்கேன், வயசு எல்லாத்தையும் சேத்துத்தான் பாக்கணும். கேன்சரா இருக்க வாய்ப்பு கொறைச்சல். இப்ப ஊசி வேண்டாம். மூணு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுப்போம்."

"அப்ப ஒண்ணுமில்லையா?" இது தனம்.

"அப்படிச் சொல்ல மாட்டேன்மா. தைரியமா காத்திருக்கலாம்னு சொல்றேன்."

நமக்கோ ஆம், இல்லை என்று ஒற்றைப் பதில் வேண்டும். கிடைத்தது மூன்று மாதம். வெறும் மூன்று மாதத்தின் மேல் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு ஆசை வருமா? எனக்கு வந்தது.

வீடு திரும்பியதும், பழக்கதோஷம் — நேராகப் போய் அரை டம்ளர் அரிசி எடுத்தேன். பின்னாலேயே வந்த தனம் டம்ளரைப் பிடுங்கினாள். இன்னொரு அரை டம்ளர் அள்ளிப் போட்டாள்.

"அப்ப எனக்கு யாரு பொங்குவா? நகருங்க!"

நகர்ந்தேன். அந்த ரசம் எனக்கு மறந்தே போகட்டும்!