ஜோசப்பின் நம்பாத சீஸ் ஃபயர்

‘இளம் சுடுநரின் துணைப் பெற்றோர்: துப்பாக்கி விளையாட்டில் ஆர்வமும் போதிய அனுபவமும் உள்ளவர். திடலின் ஓசைகளுக்கு நடுவே நிதானமாக இருப்பவர். எல்லா நேரத்திலும் தம் பிள்ளையின் வெற்றிக்குத் துணைநிற்பவர்.’

ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மணித்தியாலம் காரோடினால் வரும் துப்பாக்கிக் கழகமொன்றின் கைநூலில் இப்படி இருக்கிறது. நகரத்துக்குள் சுடுவதற்கு இடமில்லை. அதாவது, சட்டப்படி சுடுவதற்கு. மூன்று கோடையாக அந்தக் கழகத்தின் துணைப் பெற்றோராக இருந்தவர்களில் ஒருவர் ஜோசப்பின் என்ற பெண்மணி. மன்னார் பேசாலையில் பிறந்தவர், வெக்ஸ்போர்டில் ஓர் அடுக்குமாடியில் குடியிருப்பவர். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் வேலை. தள்ளுவண்டிகளின் கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று இழுத்துப் பார்ப்பது அவர் பொறுப்பு. ஆர்வம், அனுபவம், நிதானம் என்று கைநூல் கேட்ட எதுவும் அவரிடம் இருக்கவில்லை.

அனுபவம் பற்றி ஒரு குழப்பம் இருந்தது. வேலையிடத்தில் பிலிப்பீன்ஸ்காரி ஒருத்தி, “நீ இலங்கைதானே, உனக்குத் துப்பாக்கியெல்லாம் பழகியிருக்குமே” என்று கேட்டிருக்கிறாள். பத்தொன்பது வயதுவரை ஜோசப்பின் துவக்குகளுக்கு நடுவேதான் வளர்ந்தார். கடலிலிருந்து வருவது, முகாமிலிருந்து வருவது, பற்றைக்குள்ளிருந்து வருவது என்று சத்தத்தைப் பிரித்துச் சொல்வார். ஆனால் ஒன்றையும் தொட்டதில்லை. சத்தம் வரும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியவர் அவர். அவ்வளவும் கேட்டும் சோதனைச் சாவடியில் கண்டதற்கு மேல் ஒன்றையும் கிட்டப் பார்த்ததில்லை. துவக்கு என்றால் எப்படியிருக்கும் என்று ஆற அமரப் பார்க்கும் வாய்ப்பு கனடாவுக்கு வந்துதான் கிடைத்தது.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் கணவர் றிச்சர்ட். மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் ட்ரக் ஓட்டுபவர். கூட வேலை செய்யும் ஒருவர் ஒருநாள் திடலுக்குக் கூட்டிப்போக, றிச்சர்ட்டுக்குப் பிடித்துப்போயிற்று. வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், லைசென்ஸ் எடுத்தார். பிறகு ஓர் இருபத்திரண்டு வாங்கினார். துவக்குகளில் ஆகச் சிறிய ரவை, அதாவது தோட்டா, போடுவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அது சின்ன அறையில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டுடன் இருந்தது. பெட்டிக்கு மேலே புனித அந்தோனியாரின் படத்தை மாட்டியது ஜோசப்பின்.

“அந்தோனியாரையும் காவலுக்கு விட்டிட்டீரோ?” என்றார் றிச்சர்ட்.

“பூட்டு உங்கட நம்பிக்கை. உது என்ரை நம்பிக்கை.”

மகள் ஏஞ்சலாவுக்குப் பன்னிரண்டு வயதானதும் தகப்பன் அவளைக் கழகத்தின் குடும்ப நாளுக்குக் கூட்டிப்போனார். இளசுகளுக்காக அன்று வகைவகையாக மேசையில் வைத்திருந்தார்கள். ஆகச் சின்னவர்களுக்குக் காற்றுத் துவக்கு. அதன் சத்தம் கடுதாசிக்குக் கம்பி அடிக்கும் சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. அடுத்தது, கீழ்ப்பிடியைத் தள்ளி இழுத்து ரவை ஏற்றும் இருபத்திரண்டு. குதிரைக்காரப் படங்களில் வருவது. பையன்களின் வரிசை அங்கேதான் நீளம். சுடுவதைவிட அந்தப் பிடியை இழுப்பதில்தான் அவர்களுக்குச் சந்தோசம். மறுபக்கம் பெரிய பிள்ளைகள் தோளில் சொட்கண்ணை வைத்து, பறந்துவரும் செம்மஞ்சள் களிமண் தட்டுகளை உடைத்தார்கள். தட்டு தூளாகும்போது தாய்தகப்பன் கைதட்டினார்கள். தோள் நோவதை ஒருவரும் சொல்லவில்லை.

ஏஞ்சலா எல்லாவற்றையும் சுட்டுப்பார்த்துவிட்டு, ஒருவரும் வரிசையில் நிற்காத மேசைக்குப் போனாள். அங்கிருந்தது படுத்திருந்து சுடும் இருபத்திரண்டு. ஒரு தடவைக்கு ஒரு ரவைதான். கையால் போட்டு, பூட்டி, சுட்டு, திறந்து, திரும்பப் போட வேண்டும்.

“ஏன் பிள்ளை உதைப் பிடிச்சனி? மற்றது டக்டக்கெண்டு சுடுதே” என்று கேட்டார் தகப்பன்.

“டக்டக்கெண்டு சுட்டா, யூ டோன்ற் திங்க், அப்பா.”

அதன்பிறகு அவள் வேறொன்றைத் தொடவில்லை. தேவாலயத்தில் ஓர் அன்ரி ஜோசப்பினைப் பிடித்துக்கொண்டார். “பொம்பிளைப் பிள்ளைக்குத் துவக்கே பழக்குறீர்? வயலினுக்கு விட்டிருக்கலாமே?”

“விட்டனாங்கள் அன்ரி. நிண்டு நிண்டு கால் நோகுதெண்டாள். இது படுத்துக்கிடந்து செய்யிற வேலை. அவளுக்கு ஒத்துவந்திட்டுது.”

சனிக்கிழமைகளில் றிச்சர்ட் பெரும்பாலும் மொன்றியல் பாதையில் இருப்பார். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சுடும்போது பெற்றோரில் ஒருவர் திடலில் இருக்க வேண்டும் என்பது கழகத்தின் விதி. ஆகவே பெற்றோரில் மற்றவர் போனார். முதல் மாதம் ஜோசப்பின் காருக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செபமாலையோடு இருந்தார். பிறகு மட்டன் றோல்ஸ் செய்துகொண்டு போனார். றோல்ஸை மற்றவர்களுக்குக் கொடுக்க இறங்கத்தான் வேண்டும். இறங்கியவருக்குக் காதுமூடி ஒன்றும் மடக்குக் கதிரை ஒன்றும் கொடுத்தார்கள்.

கதிரையில் இருந்தபோதுதான் ஓர் ஆச்சரியம் தெரிந்தது. சுடும் நேரத்தில் ஜோசப்பின் பதறவில்லை. யார் சுடுகிறார்கள், எங்கே பார்த்துச் சுடுகிறார்கள் என்பது கண்முன்னே தெரிந்த வெடிச்சத்தம் அவர் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. பதற்றம் வந்தது சத்தம் நின்றபிறகு.

திடல் அதிகாரி கென். ஓய்வுபெற்ற பஸ் சாரதி, பெரிய தொண்டை. சுற்று முடிந்ததும், சுடுவதை நிறுத்தச் சொல்லி “சீஸ் ஃபயர்” என்று கத்துவார். எல்லோரும் ரவையை எடுத்து, துவக்கைத் திறந்து, திறந்த இடத்தில் செம்மஞ்சள் பிளாஸ்டிக் கொடியொன்றைச் செருகி, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். அதன்பிறகு ஆட்கள் முன்னே நடந்துபோய்க் குறிக் கடுதாசிகளை மாற்றுவார்கள். அது கதைக்கும் நேரம், கோப்பி குடிக்கும் நேரம். ஜோசப்பினுக்கு மட்டும் எழுந்து நிற்கும் நேரம். கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி, படுத்துக்கிடக்கும் துவக்குகளை ஒன்றிலிருந்து மற்றதுக்கு, திரும்ப முதலாவதுக்கு என்று பார்த்துக்கொண்டு நிற்பார். பேசாலையில் சண்டை நிறுத்தம் என்று ரேடியோ சொன்ன நாட்களில்தான் சனம் சந்தைக்குப் போனது. போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

“அம்மா, ஏன் செக்கியூரிற்றிக்காரி மாதிரி நிக்கிறீங்கள்? எல்லாரும் பாக்கினம்.”

“சுடேக்க எல்லாரும் துவக்கைப் பாக்கினம். நிப்பாட்டினாப் பிறகு ஒருத்தரும் பாக்கிறேல்ல. அதுதான் நான் பாக்கிறன்.”

“கென் பாக்கிறார்தானே.”

“கென் றோல்ஸைப் பாக்கிறார்.”

கென்னுக்கு இது பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சீஸ் ஃபயரில் ஒருவர் துவக்கில் கைவைத்தால், வெறுமையான துவக்கானாலும், அன்றைய சுடுதல் அவருக்கு முடிந்தது. கண்டவர் யாரானாலும் கத்தலாம், கத்த வேண்டும் என்று ஒருநாள் மிகவும் மரியாதையாக விளங்கப்படுத்தினார். ஜோசப்பின் தலையாட்டினார். கனடாவில் ஒரு விதி தன் குணத்துக்கு ஏற்றபடி எழுதப்பட்டிருப்பதை அவர் முதலில் கண்டது அன்றுதான்.

மூன்றாவது கோடையின் கடைசியில், ஏஞ்சலாவுக்குப் பதினைந்து வயதில், மாகாண இளையோர் அணிக்கான தெரிவு அந்தத் திடலில் நடந்தது. அணியில் மூன்று இடம். அடுத்த வருடம் அல்பேர்ட்டாவில் போட்டி. ஏஞ்சலா அந்தக் கோடை முழுக்க நண்பிகளின் பிறந்தநாட்களுக்குப் போகவில்லை. குளிர்பானம் குடித்தால் கை நடுங்குகிறதென்று அதையும் விட்டிருந்தாள். காலையில் காரில் வரும்போது, “அம்மா, இண்டைக்கு மட்டும் இருந்துகொண்டு பாருங்கோ, ப்ளீஸ். நீங்கள் எழும்பி நிண்டா எனக்கு நேர்வஸ்” என்றாள்.

“இருக்கிறன் பிள்ளை.”

இருந்தார். கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்று முடிந்தபோது ஏஞ்சலா இரண்டாம் இடத்தில் நின்றாள். கென் சீஸ் ஃபயர் சொன்னார். கென்னும், வேறு இரண்டு தகப்பன்மாரும், ஒரு தாயும் கடுதாசி மாற்ற முன்னே போனார்கள். ஜோசப்பின் கதிரையில் இருந்தபடியே துவக்குகளைப் பார்த்தார். வாக்கு, எழும்புவதில்லை என்பதுதான்.

அப்போது வெயிலை மேகம் மூடிற்று. வெளிச்சம் மாறினால் குறி ஒரு மயிரளவு நகரும். இதெல்லாம் ஏஞ்சலாவுக்குத் தெரியும். துவக்கின் மேலுள்ள குறிபார்க்கும் வளையத்தின் திருகை இரண்டு சொடுக்குத் திருப்பினால் சரி. அடுத்த சுற்றில் அதற்கு நேரம் போகும். மஞ்சள் கோட்டைத் தாண்டி, முழந்தாளில் குந்தி, கையை நீட்டினாள். துவக்கு திறந்திருந்தது. கொடி செருகியிருந்தது. ரவை இல்லை. அக்கம்பக்கத்திலிருந்தவர்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏஞ்சலா, கையை எடு!”

திடல் முழுவதும் கேட்ட குரல். ஏஞ்சலா கையை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் வந்துவிட்டாள். முன்னே போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கண்டது, கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காக நிற்கும் ஒரு பெண்பிள்ளையையும், கதிரை விழுந்து கிடக்க எழுந்து நிற்கும் ஒரு தாயையும்தான். அந்தத் திடலில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர். கென் அங்கிருந்தே, எல்லாம் சரிதானா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மகள் தாயைப் பார்த்தாள். மெல்லத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். ஓம், எல்லாம் சரி என்று தாய் சொன்னால் முடிந்தது. கென் அதை நம்பியிருப்பார். சாப்பாட்டு விசயத்தில் தாய்க்கும் மகளுக்கும் ஏதோ சண்டை என்று நினைத்திருப்பார்.

தன் மகள் துவக்கைத் தொட்டாள் என்று ஜோசப்பின் ஆங்கிலத்தில் சொன்னார்.

கென் நடந்து வந்தார். ஏஞ்சலாவிடம் கேட்டார். அவள் ஓம் என்றாள். கென்னுக்கு முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. அந்தக் கோடை முழுக்க அவளை அணியில் பார்க்க ஆசைப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் விதியைச் சொன்னார். ஏஞ்சலா துவக்கைப் பையில் வைத்து மூடினாள். கடைசிச் சுற்று அவள் இல்லாமல் நடந்தது. அன்று றோல்ஸ் மிச்சம் வந்தது.

திரும்பும் வழியில் கார் நெடுஞ்சாலையில் ஏறியது. பிறகு ஏஞ்சலா ஜன்னலைப் பார்த்தபடி, “தமிழிலதானே கத்தினீங்கள். நான் கையை எடுத்திட்டன். தற் வோஸ் இனஃப்” என்றாள்.

“உனக்குக் காணும்.”

“பிறகேன் இங்கிலீசில சொன்னீங்கள்?”

“முன்னுக்குப் போன சனத்துக்குத் தமிழ் விளங்காதே, பிள்ளை. அவையின்ரை முதுகுக்குப் பின்னால என்ன நடந்ததெண்டு அவைக்குத் தெரியவேணும்.”

“லோட் பண்ணேல்ல அம்மா. கொடி இருந்தது.”

“கண்டனான்.”

“கண்டும் சொன்னீங்களா?”

ஜோசப்பின் சிக்னல் போட்டு, பக்கம் பார்த்து, லேன் மாறினார். ஏஞ்சலா அழத் தொடங்கியபோது, ஒரு கையால் டிஷ்யூப் பெட்டியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாங்கினாள்.

இரவு றிச்சர்ட் கிங்ஸ்டனிலிருந்து ஃபோன் எடுத்தார். “உமக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாதோ? பிள்ளையின்ரை அல்பேர்ட்டா போச்சே.”

“போச்சுத்தான்.”

“கைநூலில என்ன கிடக்கு? பிள்ளையின்ரை வெற்றிக்குத் துணைநிக்க வேணுமெண்டெல்லே கிடக்கு.”

“அது நான் எழுதின புத்தகமில்லை.”

றிச்சர்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு ஆரம்பித்த கதையை அதற்குப்பிறகு கொண்டுபோக முடியவில்லை.

ஏஞ்சலா பத்து நாளாகத் தாயோடு அளந்துதான் கதைத்தாள். பதினோராம் நாள் சனிக்கிழமையா என்று கேட்டால், இல்லை, புதன். வாழ்க்கை அப்படி அழகாக விழுவதில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமை காலையில் அவள் துவக்குப் பையோடு கதவடியில் நின்று, “வாறீங்களா, இல்லையா?” என்று கேட்டாள். தாயை மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. பெற்றோரில் ஒருவர் வர வேண்டும் என்பது விதி, தகப்பன் மொன்றியலில். திடலில் சீஸ் ஃபயர் சொன்னதும் ஜோசப்பின் வழக்கம்போல எழும்பி நின்றார். மகள் கோட்டுக்குப் பின்னால், இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டபடி, தாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் துவக்குகளைத்தான் பார்த்தாள்.

அணி அவள் இல்லாமல் அல்பேர்ட்டா போனது. கைநூலில் துணைப் பெற்றோர் பற்றிய பக்கம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

ஜோசப்பின் செய்தது இவ்வளவுதான்: ஆட்கள் முன்னே நடந்துகொண்டிருந்தபோது மகள் துவக்கைத் தொட்டதைக் கண்டார்; அதைத் தமிழில் ஒருமுறையும், ஆங்கிலத்தில் ஒருமுறையும் சொன்னார்.