தெய்வானை அக்கா செய்த மடக்குத் தட்டி

பள்ளிக்கூடம் போகப் பிள்ளைகளின் சப்பாத்துகளைத் தேடிக்கொண்டிருந்த மழைக்காலை ஒன்றில் என் கணவரின் கைபேசி அடித்தது. பேசியவர் அவருடைய அண்ணன். இவர் "சரிங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். தெய்வானை அக்கா காலமாகிவிட்டார் என்பது அவர் வாய் திறக்குமுன்பே எனக்கு விளங்கிவிட்டது.

அக்கா எனக்கு ஓரகத்தி முறை. என் கணவருடைய அண்ணனின் மனைவி. ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருந்தால் சண்டை வராமல் இருக்காது என்று எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் பலர் ஆசையோடு காத்திருந்தார்கள். பாவம், கடைசிவரை ஏமாந்துபோனார்கள்.

நான் கல்யாணமாகிப் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து லயத்தில் ஒரே காம்பரா. முன்னால் திண்ணைபோல இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி, நடுவில் படுக்க அந்த ஓர் அறை. அறைக்குக் குறுக்கே கயிற்றில் ஒரு பழைய சேலை தொங்கியது. கூரைத் தகரத்துக்கு அடியால் வரும் காற்று அந்தச் சேலையை நினைத்த பக்கமெல்லாம் தூக்கியடித்தது. எல்லோரும் வெளியே போகும்வரை உடை மாற்றாமல் காத்திருப்பேன். தலவாக்கலைக்கு, அம்மா வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று அடுப்படியில் நான் அழுததை ஒரு நாள் அக்கா பார்த்துவிட்டார்.

"சேலையெல்லாம் சரிப்படாது புள்ள. பலகையிலயே ஒரு மறைப்புத் தட்டி அடிச்சிருவோம்" என்றார்.

ஆண்களிடம் விட்டால் அடுத்த தீபாவளிக்குத்தான் முடியும் என்பது அவருடைய கணிப்பு. மரம் அறுக்கும் மரக்காலையில் கழித்துப் போட்டிருந்த சவுக்குப் பலகைகளைக் கேட்டு வாங்கி, நாங்கள் இருவருமே தலையில் சுமந்து வந்தோம். ஈரம் வற்ற, அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கிப் புகையில் காயப் போட்டார் அக்கா. கீல்களை ஒரே பக்கமாக அடித்தால் தட்டி நிற்காது, ஒன்றை இந்தப் பக்கமும் அடுத்ததை அந்தப் பக்கமும் மாற்றி அடிக்க வேண்டும் என்று பஜாரில் இரும்புக் கடைக்கார நானா ஓர் அட்டைப் பெட்டியை மடித்துக் காட்டினார்.

வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் உட்கார்ந்து அறுக்கத் தொடங்கினோம். அளவு நாடா ஏது? கொழுந்து பறிக்கும்போது மட்டம் பார்க்கச் செடியின் மேல் வைப்போமே, அந்த மட்டக்கம்புதான் எங்கள் அளவுகோல். தட்டிக்கு நாலு மடிப்பு, மடிப்பு ஒன்றுக்கு ஒன்றரைக் கம்பு உயரம். மூன்று மடிப்புகளுக்கு அக்கா தம் கம்பால் அளந்தார். அதற்குள் சோறு பொங்கி வழிய, அவர் அடுப்படிக்கு ஓடினார். நாலாவதை நான் என் கம்பால் அளந்து அறுத்துவிட்டேன். மட்டக்கம்பை அவரவர் கைக்கு வாகாக வெட்டிக்கொள்வதுதான் வழக்கம். ஒருவர் கம்பு இன்னொருவர் கம்புபோல இருக்காது. தினமும் அதைப் பிடிக்கிற எங்கள் இருவருக்குமே அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

மேல்விளிம்பை ஒழுங்காக்கிக் கீல் அடித்து நிமிர்த்தினோம். நான் அறுத்த மடிப்பு மட்டும் தரையைத் தொடாமல் தொங்கியது. கீழே ஒரு சாண் சந்து. மற்ற மூன்றையும் குறைத்துவிடலாம் என்று என் கணவர் மரம் அறுக்கும் வாளை எடுத்தார்.

"எல்லாத்தையும் குட்டையாக்கி எட்டிப் பாக்கவா? கெடக்கட்டும் விடுங்க தம்பி" என்று அக்கா தடுத்துவிட்டார்.

அன்றுதான் அந்த வீட்டில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்ததும் தரையோரம் ஏதோ உராயும் சத்தம். சந்து வழியாக ஒரு கை, அதில் ஆவி பறக்கும் டம்ளர். "புள்ள, தேத்தண்ணி" என்றார் அக்கா. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன் அந்தக் கை வந்தது. தட்டிக்கு மேலாக அவர் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. என் மூத்த மகள் தவழப் பழகியதே அந்தச் சந்துக்குள் நுழைந்து பெரியம்மா பக்கம் போவதற்காகத்தான்.

பிறகு தோட்டத்தின் மேல் டிவிசனில் எங்களுக்குத் தனி வீடு கிடைத்தது. தட்டியை நாங்கள்தான் எடுத்துப் போக வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார்.

"நீங்க போனப்புறம் நான் யாரப் பாத்துக் கூச்சப்படப் போறேன்? கொண்டு போ புள்ள."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். புது வீட்டில் சுவர்கள் இருந்தன. தட்டிக்கு வேலையில்லை, மடித்து மூலையில் சாத்தினோம். சுவர் நல்லதுதான். ஆனால் சுவருக்கு அடியால் கை வராதே. இன்றைக்கும் கண் விழித்தவுடன் தரையைத்தான் பார்க்கிறேன்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கட்டில்கள் நெருக்கமாகக் கிடந்தன, இடையில் மறைப்பு இல்லை. நான் ஒரு போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொள்ள, அவர் பின்னால் உடை மாற்றினார். "நம்ம தட்டியக் கொண்டாந்திருக்கலாம் புள்ள" என்றார். இருவரும் சிரித்தோம்.

அதனால்தான், செய்தி வந்த அன்று அழுவதற்கு முன் தட்டியைத் தூசு தட்டினேன். என் கணவர் அதை வாடகை வேனின் கூரையில் கட்டினார்.

அக்கா வீட்டு வாசலில் மழை விடவில்லை. அக்காவை இஸ்தோப்பிலேயே குளிப்பாட்ட வேண்டியிருந்தது. சுற்றிலும் சனம். மறைப்புக்காகப் பெண்கள் சேலை தேடிக்கொண்டிருந்தபோது நான் தட்டியை விரித்து நிறுத்தினேன். வாங்குப் பலகையில் உட்கார்த்தியிருந்த அக்காவின் உடம்பு முழுவதும் மறைந்தது. சந்து வழியே பாதங்கள் மட்டும் தெரிந்தன. அந்தச் சந்தை அடைத்தாற்போல, தட்டிக்கு வெளியே, முதுகைச் சாய்த்து உட்கார்ந்து முந்தானையைத் தரையில் பரப்பிக்கொண்டேன். 

உள்ளே தண்ணீர் வார்த்தார்கள். மஞ்சள் கலந்த தண்ணீர் சந்து வழியாக வந்து என் சேலையை நனைத்தது. இளஞ்சூடாக இருந்தது. எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

யாரும் பாக்கல அக்கா. போயிட்டு வாங்க.