புகையில்லாமல் கோயிலுக்குப் போன கார்

எனக்குக் கல்யாணம் பேசியபோது எங்கள் வீட்டுக் கூரை பாதி தகரம், பாதி கிடுகு. இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டுத் தலைமன்னாருக்குத் திரும்பி வந்து அதிக காலம் ஆகவில்லை. வீட்டுக்குக் கதவு போடுவதற்கு முன்பே அப்பா காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். என்னைவிட வயது கூடிய கறுப்பு இங்கிலாந்துக் கார். சண்டைக்காலத்தில் ஊரை விட்டு ஓடும்போது, மன்னாரில் ஒரு சொந்தக்காரரின் கொட்டிலில் விட்டுவிட்டுப் போயிருந்தோம். போனவை எல்லாம் போக, எங்களுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

கார் ஓடியது. ஆனால் ஸ்டார்ட் பண்ணியவுடன் பின்னால் நீலப்புகை எழும்பும். கடிக்கிற நுளம்பைக் கொல்லப் புகையடிக்க வந்த வண்டி என்று நினைத்து, அயலட்டைச் சனம் சோற்றுப் பானையை மூடிவிடும்.

மாப்பிள்ளை வீட்டார் எங்கள் தீவுக்கு அப்பால் பெருநிலத்தில் வயல் செய்கிறவர்கள். நிச்சயம் செய்ய வான் வண்டி ஒன்றில் வந்திருந்தார்கள். அப்பாவுக்குக் காரை ஸ்டார்ட் பண்ணிக் காட்டாமல் இருக்க முடியவில்லை. திறப்பைத் திருப்பினார். மாப்பிள்ளையின் தாய் சரியாகப் புகைக்குழாய்க்குப் பின்னால் நின்றார். இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்லபடியாகத்தான் சொன்னார்.

"கல்யாணத்தண்டைக்கு நாங்கள் வான் அனுப்புறம். பிள்ளை அதில வரட்டும். வெள்ளைச் சாறியெல்லோ."

அப்பா பொனட்டைச் சாரத் தலைப்பால் துடைத்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் எங்கட கார்லதான் வருவன் மாமி. புகை வராது, பாருங்கோ."

வாக்குக் கொடுத்தாயிற்று. இனிக் காப்பாற்ற வேண்டும்.

அண்ணன் முகாமில் இருந்த காலத்தில் ஒரு கராஜில் வேலை செய்தவன். "வால்வு சீல் பழுதாப்போட்டுது," என்றான். ஒவ்வொரு வால்வின் தண்டிலும் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். எண்ணெயைக் கீழே விடாமல் பிடிப்பது அதுதான். எங்கள் காரில் அது கல்லாகியிருந்தது. எண்ணெய் கசிந்து பெற்றோலோடு சேர்ந்து எரிய, வருவதுதான் அந்த நீலப்புகை. மன்னார் டவுனில் தேடி அலைந்து, புது வளையங்களைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தான்.

அதற்குள் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில், கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று ஞாயிறுதோறும் கேட்கும் ஓலையில் மூன்றாவதும் வாசித்தாயிற்று. கல்யாண ஓலை வாசித்த பெண் வெயிலில் திரியக்கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். நான் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். அங்கே வெயில் படாதுதானே!

ஒரு சிக்கல் இருந்தது. வளையத்தை மாற்ற வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்றினால், வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும். அதற்கு அண்ணனிடம் ஒரு வழி இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தால் கயிற்றை உள்ளே தள்ளித் திணிக்க வேண்டும். பிறகு எஞ்சினைக் கையால் சுற்றினால் பிஸ்டன் மேலே வந்து கயிற்றை நெருக்கும், கயிறு வால்வைத் தாங்கும். மீன்பிடிக்கிற எங்கள் வீட்டில் கயிற்றுக்கா பஞ்சம்? அப்பா வள்ளத்துக் கயிறு ஒன்றை எடுத்துத் தந்தார். உப்பேறி விறைத்திருந்த அது துவாரத்துக்குள் போக மாட்டேன் என்றது. "கொண்டா, பதமாக்கித் தாறன்," என்று வாங்கிக்கொண்டு போனார். வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெயில் தோய்த்து, உருவி, பாம்புபோல வழுக்குகிற கயிறாகத் திருப்பித் தந்தார். மூன்று பேரும் மெச்சினோம். மூன்று பேரில் ஒருவருக்கும் அது மணக்கவில்லை. சுறா எண்ணெய் எங்கள் மூக்குக்குக் காற்று மாதிரி.

அண்ணன் ஸ்பிரிங்கை அமுக்குவான், நான் கடலைப்பருப்பளவு இரண்டு பூட்டுத் துண்டுகளை விரல் நுனியால் எடுப்பேன். ஒன்று துள்ளி மணலில் விழுந்தது. அப்பா, அண்ணன், நான், மூவரும் நாலு காலில் நின்று மாவரிக்கும் அரிதட்டால் முற்றத்தை அரித்தோம். அகப்பட்டபோது நான் போட்ட கூச்சலுக்கு, தெருவில் நின்ற கழுதை பதில் சொன்னது. மருதாணி போட வேண்டிய கையில் கிறீஸ். எனக்கு ஒரே சிரிப்பு. கல்யாணச் சந்தோஷமா, எஞ்சின் சந்தோஷமா என்று இன்றுவரை தெரியாது.

புது வளையங்களைப் போட்டுப் பூட்டியும் ஓட்டிப் பார்க்கப் பெற்றோல் இருக்கவில்லை; கல்யாணத்தன்று காலையில்தான் அது வந்தது. அண்ணன் ஸ்டார்ட் பண்ணினான். குழாயிலிருந்து வெள்ளையாக ஒரு மூச்சு வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. அப்பா பின்னால் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். "இல்லையடா! புகை இல்லையடா!" என்று கத்தினார். நான் வெள்ளைச் சாறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி ஒரு சுற்று ஆடினேன்.

கோயில் வீதியில் திரும்பியபோது அண்ணன் மேலே பார்த்தான். கரைக்கு வரும் வள்ளத்தைத் துரத்துவதுபோல் காகங்கள் எங்களுக்கு மேலே பறந்து வந்தன. பின்னால் இரண்டு நாய்கள், ஒரு பூனை.

"மீன் வருது எண்டு நினைச்சிட்டுதுகள்," என்று சொல்லத் தொடங்கியவன் நிறுத்தி, மூக்கைச் சுருக்கினான். அப்பா தலையில் கை வைத்தார். "ஐயோ, கயிறு!"

கயிற்றை அன்றைக்கே உருவி எடுத்திருந்தோம். அது விட்டுவிட்டு வந்த சுறா எண்ணெய் இப்போது எஞ்சினுக்குள் பொரிந்துகொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், இதை மறைக்க முடியாது. கோயில் வாசலில் மாமி நின்றார். நான் இறங்கியபோது மாப்பிள்ளை வீட்டுச் சனம் முழுவதும் ஒரே நேரத்தில் மூக்கைத் தூக்கியது. நெல்லுக்குப் பழகிய மூக்குகள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே நடந்தேன்.

பீடத்தின் முன், என் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை என் காதருகே மெல்லக் குனிந்தார்.

"பசிக்குது," என்றார்.

சம்மதமா என்று சாமியார் கேட்டபோது சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு தரம் "ஓம்" என்றேன். அந்த நிமிடம்தான் அவரை எனக்குப் பிடித்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது பூக்கட்டிய வான் வாசலில் நின்றது. மாமி அதைக் கடந்து எங்கள் காருக்குப் பின்னால் போய் நின்றார். அப்பாவைப் பார்த்து, "ஸ்டார்ட் பண்ணுங்கோ," என்றார். அப்பா திறப்பைத் திருப்பினார். மாமி குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பின் கதவைத் திறந்து, எனக்கு முதல் தானே ஏறி இருந்தார்.

"புகை இல்லைத்தான். சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டாய் பிள்ளை," என்றார். "கண்ணாடியை மட்டும் இறக்கி விடுங்கோ."